டெக்சாஸில் வீட்டு வரி மதிப்பை எதிர்த்து புரொடெஸ்ட் செய்வது எப்படி? நோட்டீஸ் வந்த நாள் முதல் விசாரணை மேசை வரை

ஏப்ரல் பிறந்துவிட்டால் டெக்சாஸில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே கேள்விதான்: "உங்களுக்கு இந்த வருஷம் எவ்வளவு ஏத்தியிருக்காங்க?" பிரிஸ்கோ, பிளேனோ, கேட்டி, சுகர் லேண்ட், ரவுண்ட் ராக் என்று எந்த ஊர்க் குழுவானாலும் இதே பேச்சு. நான்கு நாள் ஆதங்கம். அப்புறம் வீட்டு மதிப்பைச் சொல்லும் அந்த நோட்டீஸ் மேசை டிராயருக்குள் போய்விடும், முறையிடும் கெடுவான மே 15 தாண்டிவிடும். அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தால் அதில் போட்டிருப்பதைக் கட்டிவிட வேண்டும் என்றே வளர்ந்தவர்கள் நாம். எதிர்த்துக் கேட்டால் வம்பாகுமோ, விசாவுக்குப் பாதிப்பு வருமோ என்று தயங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அப்படி எதுவும் வராது. இது வீட்டு உரிமையாளருக்குச் சொத்து வரிச் சட்டம் கொடுத்திருக்கும் உரிமை. குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஏப்ரலில் வரும் அந்தத் தாள் பில்லும் அல்ல. "உங்கள் வீடு இவ்வளவு பெறும் என்று கணக்கிட்டிருக்கிறோம், மறுப்பு இருந்தால் இந்தத் தேதிக்குள் சொல்லுங்கள்" என்று உங்களிடம் கேட்கும் தாள் அது. கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அவர்கள் போட்ட எண்ணே நிலைத்துவிடும்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 2020 முதல், நீங்கள் முறையிட்டதற்காக விசாரணைக் குழு உங்கள் மதிப்பை நோட்டீஸில் இருப்பதைவிட உயர்த்த முடியாது. சட்டமே அதைத் தடுக்கிறது. முறையிடக் கட்டணமும் கிடையாது. செலவாவது உங்கள் நேரம்தான்.

யார் மதிப்பிடுகிறார்கள், எப்படி?

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. பள்ளிக்கூடம், கவுன்டி, நகராட்சி, ஹூஸ்டன் புறநகர்களில் மட் எனப்படும் தண்ணீர் வாரியம் எல்லாம் வீட்டு வரியை நம்பித்தான் ஓடுகின்றன. அதனால்தான் தொகை இவ்வளவு கனக்கிறது. வீட்டின் மதிப்பைப் போடுவது அந்தந்த கவுன்டியின் மதிப்பீட்டு அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். வரி விகிதத்தைத் தீர்மானிப்பது பள்ளி வாரியமும் நகராட்சியும் மற்றவர்களும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. விகிதம் பற்றிய கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் கோடை முடிவில் அந்த அமைப்புகள் நடத்தும் பொதுக்கூட்டங்கள். புரொடெஸ்டில் பேச வேண்டியது மதிப்பு ஒன்றைத்தான்.

லட்சக்கணக்கான வீடுகளை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்க முடியாது. ஆகவே ஒரு பகுதியின் விற்பனைகளை எடுத்து, சதுர அடி, கட்டிய ஆண்டு, தரம், நிலத்தின் அளவு ஆகியவற்றைக் கணினியில் போட்டு மொத்தமாக மதிப்பிடுகிறார்கள். உங்கள் சமையலறை இருபது வருடமாக அப்படியே இருப்பது அந்தக் கணினிக்குத் தெரியாது. பின்சுவருக்கு அப்பால் நெடுஞ்சாலை இரைவது அதற்குக் கேட்காது. தெரியாததை எடுத்துச் சொல்லத்தான் இந்த வழியைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது.

முதல் படி: நோட்டீஸில் உள்ள மூன்று எண்களைப் பிரித்துப் படியுங்கள்

மார்க்கெட் வேல்யூ என்பது ஜனவரி 1 அன்று வீடு என்ன விலைக்குப் போயிருக்கும் என்ற மதிப்பு. அப்ரைஸ்டு வேல்யூ என்பது உச்சவரம்பு போட்ட பிறகு வருவது. டாக்ஸபிள் வேல்யூ என்பது விலக்குகளையும் கழித்தபின் மிஞ்சுவது. இந்தக் கடைசி எண்ணைத்தான் வரி விகிதத்தால் பெருக்குவார்கள்.

அந்த உச்சவரம்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கியிருந்தால், அப்ரைஸ்டு வேல்யூ வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற முடியாது. புதிதாகக் கட்டிச் சேர்த்தது மட்டும் இதில் அடங்காது. விலக்கு கிடைத்த முதல் ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்துதான் இந்தப் பாதுகாப்பு தொடங்கும். வாடகைக்கு விட்டிருக்கும் வீடு போன்றவற்றுக்கு 2024 முதல் 2026 வரை 20 சதவீத வரம்பு உண்டு.

இதனால் ஒரு விஷயம் தெரியவரும். மார்க்கெட் வேல்யூ 600,000 டாலர், வரம்பு போட்ட மதிப்பு 480,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். புரொடெஸ்டில் மார்க்கெட் வேல்யூவை 560,000-க்குக் குறைத்தாலும் இந்த ஆண்டு வரி ஒரு டாலர்கூடக் குறையாது. 480,000-க்குக் கீழே கொண்டுவர முடிந்தால்தான் பலன். இரண்டு எண்களும் ஒன்றாகவோ பக்கத்தில் பக்கத்திலோ இருப்பவர்கள்தான் கட்டாயம் முறையிட வேண்டியவர்கள். வீடு வாங்கி இரண்டு மூன்று வருடமே ஆனவர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள்.

புது வீடு கட்டி வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. ஜனவரி 1 அன்று வீடு பாதி எழும்பியிருந்தால் அந்த ஆண்டு நிலத்துக்கும் அந்தப் பாதிக்கும்தான் மதிப்பு. அதை வைத்து வங்கி எஸ்க்ரோ, அதாவது வரிக்காக மாதத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் தொகைக்கு, கணக்குப் போட்டிருக்கும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் மதிப்பு வரும்போது எஸ்க்ரோவில் பற்றாக்குறை விழுந்து மாதத் தவணை திடீரென்று ஏறும். நம்மவர்களில் பலருக்குத் தூக்கம் போவது இந்த இரண்டாம் ஆண்டில்தான். அந்த ஆண்டு நோட்டீஸை மட்டும் சும்மா விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: ஹோம்ஸ்டெட் இருக்கிறதா என்று பாருங்கள்

புரொடெஸ்டைவிட இது பெரிய காசு. பள்ளி வரிக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு 2023-ல் 100,000 டாலராக உயர்ந்தது. 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 140,000 டாலரானது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் இன்னும் 60,000 டாலர். படிவம் 50-114, ஓட்டுநர் உரிம நகல், அதில் இந்த வீட்டின் முகவரி. அவ்வளவுதான். உரிமத்தில் பழைய அபார்ட்மென்ட் முகவரியே இருப்பதால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் உண்டு, முதலில் அதை மாற்றிவிடுங்கள். மறந்துபோனவர்கள் வரி நிலுவையாகும் தேதியிலிருந்து இரண்டு ஆண்டு வரை பின்தேதியிட்டும் விண்ணப்பிக்கலாம். பணம் கேட்டுத் தபாலில் வரும் தனியார் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள், விண்ணப்பம் இலவசம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியைச் சரிபார்த்து அப்ரைசல் டிஸ்ட்ரிக்டே கடிதம் அனுப்பும். அதற்குப் பதில் போடாமல் விட்டால் விலக்கு போய்விடலாம்.

மூன்றாம் படி: மே 15-க்குள் பதிவு செய்யுங்கள்

கெடு மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள். இரண்டில் எது பிந்தியதோ அது. உங்கள் நோட்டீஸிலேயே தேதி போட்டிருக்கும். படிவம் 50-132-ஐத் தபாலில் அனுப்பலாம், ஆனால் பெரிய கவுன்டிகளில் இணையத்திலேயே முடிந்துவிடும். ஹாரிஸ் கவுன்டியில் ஐஃபைல், டாலஸ் கவுன்டியில் யூஃபைல். அதற்கான எண் நோட்டீஸில் இருக்கும்.

சான்று எதுவும் கையில் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். பதிவு செய்ய ஐந்து நிமிடம், சான்று சேர்க்க அப்புறம் வாரக்கணக்கில் நேரம் இருக்கிறது. காரணம் கேட்கும் இடத்தில் இரண்டையும் குறியுங்கள்: சந்தை மதிப்பு தவறு என்பதையும், மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை என்பதையும். ஒன்றை மட்டும் குறித்துவிட்டு விசாரணையில் இன்னொன்றைப் பேசினால், குறிக்கவில்லையே என்று தடுத்துவிடலாம்.

நான்காம் படி: அவர்களுடைய சான்றைக் கேட்டு வாங்குங்கள்

பலரும் விட்டுவிடும் படி இது. விசாரணையில் எதை வைத்து வாதாடப் போகிறார்கள் என்ற முழுத் தகவலையும் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்டால் விசாரணைக்கு 14 நாள் முன்பே தர வேண்டும், தராததை அங்கே பயன்படுத்த முடியாது. எழுத்தில் கேளுங்கள்.

இது ஏன் முக்கியம்? வீடு என்ன விலைக்கு விற்றது என்பதை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் டெக்சாஸில் கிடையாது. ஆகவே விற்பனை விலைகள் பொது ஆவணங்களில் கிடைக்காது. அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் சேகரித்து வைத்திருக்கும் விலைகள் அந்தச் சான்றுக் கட்டில் வரும். அவர்கள் எடுத்த ஐந்து வீடுகளில் இரண்டு உங்கள் வீட்டைவிடப் புதியவையாக, நீச்சல் குளம் உள்ளவையாக இருக்கலாம். அவர்கள் காகிதமே உங்களுக்குச் சாட்சியாகிவிடும்.

கூடவே அவர்கள் இணையதளத்தில் உங்கள் வீட்டு விவரத்தைத் திறந்து சதுர அடி, குளியலறை எண்ணிக்கை, கட்டிய ஆண்டு எல்லாம் சரியா என்று பாருங்கள். பில்டர் கொடுத்த பிளானோடு ஒப்பிடுங்கள். மாடி வரை திறந்திருக்கும் ஹாலின் மேல்வெளியையும் சதுர அடியில் சேர்த்திருந்தால் அது ஒன்றே மதிப்பைக் கணிசமாக ஏற்றியிருக்கும்.

ஐந்தாம் படி: உங்கள் வாதத்தைக் கட்டுங்கள்

இரண்டு பாதைகள் உண்டு, முதலாவது சந்தை மதிப்பு. ஜனவரி 1-ஐ ஒட்டிய தேதிகளில், அதே சப்டிவிஷனில், ஏறக்குறைய அதே அளவு வீடுகள் என்ன விலைக்கு விற்றன என்று காட்ட வேண்டும். வீடு வாங்கித் தந்த ரியல்டரிடம் கேட்டால் பெரும்பாலும் பட்டியல் எடுத்துத் தருவார். அண்மையில்தான் வாங்கினீர்கள், நோட்டீஸில் இருப்பதைவிடக் குறைந்த விலைக்கு வாங்கினீர்கள் என்றால் உங்கள் குளோசிங் டாக்குமென்டைவிட வலுவான சான்று இல்லை. அதிக விலைக்கு வாங்கியிருந்தால் அதை நீங்களாக எடுத்து நீட்ட வேண்டியதில்லை. விற்பனை விலை கேட்டு வரும் சர்வே கடிதத்துக்கும் பதில் போட வேண்டிய கட்டாயமில்லை. ஆனால் விசாரணையில் உறுதிமொழி எடுத்தபின் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அதிக விலைக்கு வாங்கியவர்களுக்கு இரண்டாவது பாதைதான் சரி.

இரண்டாவது, சமமின்மை. நான் அதிகம் நம்புவது இதைத்தான், ஏனென்றால் தேவையான எண்கள் எல்லாம் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. உங்கள் வீட்டைப் போன்ற வீடுகளின் மதிப்புகளைத் தேவையான திருத்தங்களோடு வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்கும் எண்ணைவிட உங்கள் மதிப்பு அதிகமாக இருக்கக் கூடாது என்கிறது சட்டம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். உங்கள் வீடு 2,400 சதுர அடி, மதிப்பு 540,000 டாலர், அதாவது சதுர அடிக்கு 225. அதே தெருவில் அதே பில்டர் கட்டிய, அளவிலும் வயதிலும் நெருக்கமான ஐந்து வீடுகள் சதுர அடிக்கு 209, 212, 215, 218, 230 என்று இருக்கின்றன. நடு எண் 215. 215-ஐ 2,400-ஆல் பெருக்கினால் 516,000. நீங்கள் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான். வித்தியாசம் 24,000 டாலர். மொத்த விகிதம் 2 சதவீதம் என்றால் 480 டாலர் மிச்சம்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் அப்ரைஸ்டு வேல்யூவை எடுத்துவிடாதீர்கள். அவர் 15 வருடமாக இருப்பவர், 10 சதவீத வரம்பால் அவருடைய எண் கீழே நிற்கும். மார்க்கெட் வேல்யூவோடு மார்க்கெட் வேல்யூவைத்தான் ஒப்பிட வேண்டும். அப்புறம், சின்ன வீட்டுக்குச் சதுர அடி விலை அதிகமாகவும் பெரிய வீட்டுக்குக் குறைவாகவும் வருவது இயல்பு. 3,800 சதுர அடி வீடுகளைக் காட்டி 2,400 சதுர அடி வீட்டுக்கு வாதாடினால் எதிரே இருப்பவர் ஒரே வரியில் உடைத்துவிடுவார். சாதகமான வீடுகளை மட்டும் பொறுக்கியது போலவும் தெரியக் கூடாது. மேலே உள்ள பட்டியலில் 230-ம் இருப்பதைக் கவனியுங்கள். அதையும் சேர்த்துக் காட்டுகிறவரின் பேச்சுக்கு மதிப்பு கூடும்.

வீட்டின் குறைகள் இரண்டு பாதைக்கும் துணை. டாலஸ் பக்கமும் ஹூஸ்டன் பக்கமும் களிமண் நிலம். மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், ஃபவுண்டேஷன் விரிசல் விடும். விரிசலைப் படம் எடுங்கள், ஆனால் படத்தோடு நிற்காதீர்கள். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று கான்ட்ராக்டரிடம் எழுத்தில் எஸ்டிமேட் வாங்குங்கள். "விரிசல் இருக்கிறது" என்பதைவிட "சரிசெய்ய 14,000 டாலர் கேட்கிறார்கள், இதோ தாள்" என்பது எடுபடும். பழைய ஏசி, ஓதம் ஏறிய சுவர், பின்னால் செல்லும் மின்கம்பி எல்லாம் இதில் வரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கணக்கில் வருவது ஜனவரி 1 அன்று இருந்த நிலை. ஏப்ரல் ஆலங்கட்டி மழையில் கூரை போனது இந்த ஆண்டு வாதத்துக்கு உதவாது.

எல்லாவற்றையும் நாலைந்து பக்கத்தில் அடக்குங்கள். முதல் பக்கத்திலேயே நீங்கள் கேட்கும் எண் பெரிதாக இருக்கட்டும்.

ஆறாம் படி: முதலில் பேச்சுவார்த்தை

விசாரணைக்கு முன் அப்ரைசரோடு நேரிலோ தொலைபேசியிலோ பேசித் தீர்க்க வாய்ப்பு உண்டு. சில கவுன்டிகளில் இணையத்திலேயே ஓர் எண்ணைக் காட்டி ஏற்கிறீர்களா என்று கேட்பார்கள். பணிவாகப் பேசுங்கள். எதிரே இருப்பவர் நாள் முழுக்கக் கோபக் குரல்களையே கேட்டுக்கொண்டிருப்பவர். தெளிவான தாளோடு நிதானமாகப் பேசுகிறவரைக் கண்டால் அவருக்கும் நிம்மதிதான்.

ஆனால் கையெழுத்துப் போடுமுன் யோசியுங்கள். ஒப்புக்கொண்டுவிட்டால் இந்த ஆண்டுக்கு அதுவே முடிவு, விசாரணைக்குப் போக முடியாது. உங்கள் கணக்கு 516,000 என்று சொல்ல, அவர் 535,000 என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடலாம். 520,000 என்றால் நான் கையெழுத்துப் போடுவேன்.

ஏழாம் படி: விசாரணை

விசாரணைக் குழுவுக்கு ரிவ்யூ போர்டு என்று பெயர். அதைக் கேட்டுக் கோர்ட்டு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு சின்ன அறை, வழக்கமாக மூன்று பேர் கொண்ட குழு. அவர்கள் உங்கள் ஊர்க்காரர்கள், அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் ஊழியர்கள் அல்ல. விசாரணைத் தேதி குறைந்தது 15 நாள் முன்பே தெரிவிக்கப்படும். ஏஜென்ட் வைக்காதவர்கள் ஒருமுறை காரணம் சொல்லாமலே தள்ளிவைக்கக் கேட்கலாம். வேலை நாளில் முடியாதென்றால் மாலை அல்லது சனிக்கிழமை நேரம் கேளுங்கள், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொலைபேசியிலோ வீடியோவிலோ கலந்துகொள்ள 10 நாள் முன் எழுத்தில் கேட்க வேண்டும், சான்றுகளை உறுதிமொழிப் பத்திரத்தோடு முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். முடிந்தால் நேரில் போங்கள் என்பதே என் யோசனை. தாளைக் கையில் கொடுத்து, அவர்கள் புரட்டும்போது எந்த இடத்தில் புருவம் சுருங்குகிறது என்று பார்த்து விளக்க முடியும்.

நேரம் பெரும்பாலும் கால் மணிக்குள் முடிந்துவிடும். உறுதிமொழி எடுப்பீர்கள், இரு தரப்பும் பேசுவீர்கள், அவர்கள் கேள்வி கேட்பார்கள், உங்கள் முன்னாலேயே கலந்து பேசி முடிவைச் சொல்வார்கள். உங்கள் பேச்சை இப்படித் தொடங்குங்கள்: "என் வீட்டின் மதிப்பு 516,000 டாலராக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். காரணம் இரண்டு." அப்புறம் ஐந்து வீடுகளின் அட்டவணை, அதன்பின் படங்களும் எஸ்டிமேட்டும். இறுதியில் அதே எண்ணை மறுபடி சொல்லி நிறுத்துங்கள்.

சொல்லக் கூடாதவையும் உண்டு. "வரி தாங்க முடியவில்லை", "வேலை போய்விட்டது", "ஒரே வருடத்தில் இவ்வளவு ஏற்றலாமா" என்பவை நியாயமான வேதனைகள். ஆனால் அந்த மூவருக்கு வரியைக் குறைக்க அதிகாரமே இல்லை, மதிப்பை மட்டுமே தொட முடியும். கிடைக்கும் சில நிமிடங்களை அதில் கரைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மதிப்பை நிரூபிக்கும் பொறுப்பு அப்ரைசல் டிஸ்ட்ரிக்டின் தலையில்தான் இருக்கிறது. அவர்கள் காட்டும் வீடுகளில் எது ஏன் பொருந்தாது என்று அமைதியாகச் சுட்டிக்காட்டுவதே பாதி வேலையை முடித்துவிடும்.

முடிவு பிடிக்கவில்லை என்றால்

ஆர்டர் கைக்கு வந்து 60 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்துக்கோ, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் நடுவர் தீர்ப்பான ஆர்பிட்ரேஷனுக்கோ போகலாம். குடியிருக்கும் வீட்டுக்கு ஆர்பிட்ரேஷன் டெபாசிட், மதிப்பு 500,000 டாலர் வரை 450 டாலர், அதற்கு மேல் 500 டாலர். முடிவு உங்கள் எண்ணுக்கு நெருக்கமாக வந்தால் 50 டாலர் போக மீதி திரும்பிவிடும். வித்தியாசம் சில ஆயிரம் டாலர்தான் என்றால் இது வேண்டாம். எதுவானாலும் வரியைக் கெடுவுக்குள் கட்டிவிடுங்கள். பில் அக்டோபர் வாக்கில் வரும், ஜனவரி 31 கடைசி நாள்.

மே 15-ஐத் தவறவிட்டவர்களுக்கு ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது. குடியிருக்கும் வீட்டின் மதிப்பு சரியான மதிப்பைவிட நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகப் போடப்பட்டிருந்தால், வரி நிலுவையாகும் முன் திருத்தம் கேட்கலாம். ஜெயித்தாலும் 10 சதவீத அபராதம் உண்டு. நோட்டீஸே வந்து சேரவில்லை என்றால் அதை வைத்துத் தனியாக முறையிடலாம்.

ஏஜென்ட் வைக்கலாமா?

மிச்சமாகும் வரியில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள் நிறைய உண்டு. நேரமே இல்லாதவர்கள், மூன்று நான்கு வாடகை வீடுகள் வைத்திருப்பவர்கள் அவர்களிடம் விடலாம். மாநில லைசன்சிங் துறையில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் பங்கு எத்தனை சதவீதம், வருடாவருடம் தானாகப் புதுப்பிக்கப்படுமா என்ற இரண்டையும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். ஒரே வீடு, அதிலேயே குடியிருக்கிறோம் என்றால் நீங்களே செய்யுங்கள். உங்கள் வீட்டின் எந்த மூலையில் என்ன குறை என்று எந்த ஏஜென்டுக்கும் உங்களைவிட நன்றாகத் தெரியாது.

விசாரணை முடிந்து கிடைக்கும் ஆர்டரைப் பத்திரமாக வையுங்கள். இந்த ஆண்டு மதிப்பு குறைக்கப்பட்டிருந்தால், அடுத்த முறை அதை உயர்த்த அவர்கள் வழக்கத்தைவிட வலுவான, தெளிவான, நம்பத்தக்க சான்று காட்ட வேண்டும். சான்றுத் தாள்கள், எஸ்டிமேட், ஆர்டர் மூன்றையும் ஒரே ஃபைலில் போடுங்கள். வருகிற ஜனவரி 1 அன்று காபி குடித்த கையோடு போனை எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி, விரிசல், ஓதம், கூரை, வேலி எல்லாவற்றையும் படமெடுத்து அதே ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.